487 பழகும் நாட்கள்

ஜனவரி 11

487 என்ற எண்ணுள்ள மாதிரி ரயில் எஞ்சின் பெட்டியில் வந்துவிட்டது. இன்று ஓட்டப்போவதில்லை.

ஜனவரி 12

அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வேக்காக பால்ட்வின் ஆலை 1925இல் கட்டிய பத்து கே-36 வகை நீராவி எஞ்சின்களில் ஒன்று, 87இல் ஒரு பங்காகச் சுருங்கி, வண்ணம் பூசாத பித்தளையாக மேசைமேல் நிற்கிறது. மூன்றடி அகலப் பாதை இதற்குப் பத்தரை மில்லிமீட்டர். சட்டகம் சக்கரங்களுக்கு வெளியே அமைந்திருப்பதால் கண்ணில் படுபவை சக்கரங்கள் அல்ல, அச்சுமுனைகளில் சுழலும் கனத்த கிராங்குகளும் (சுழல்கைகளும்) அவற்றைக் கோக்கும் தண்டுகளுமே. இதன் அழகும் தொல்லையும் அங்கேதான் இருக்கின்றன: நான்கு அச்சுகளிலும் வலக் கிராங்கும் இடக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்க வேண்டும், ஓர் அச்சு சற்றே பிசகினாலும் தண்டு இறுகிவிடும். அச்சுகளுக்கு ஊசிமுனையளவு எண்ணெய் விட்டேன். அதற்கு மேல் விட்டால் அது தண்டவாளத்தில் இறங்கி, சக்கரங்களைக் கறுக்கச் செய்து, மின்சாரத்தைத் தடுக்கும்.

ஜனவரி 13

பழக்குவது என்றால் மெல்ல ஓட்டி உறுப்புகளை ஒன்றோடொன்று பொருந்தவிடுவது. 5 வோல்ட்டில், பெட்டிகள் ஏதுமின்றி, முன்னோக்கி அரைமணி நேரம், பின்னோக்கி அரைமணி நேரம். ஆம்பியர் முள் 0.35இல் நிற்கிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கம் ஒரு தட்டல் கேட்கிறது, வண்டி திக்குகிறது.

ஜனவரி 14

தட்டல்.

ஜனவரி 16

இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி திக்குவதற்குக் காரணம் மின்சாரமா இயந்திரமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இல்லையென்றால் எதைத் தொட்டாலும் நல்லதையே கெடுத்துவிடுவோம். இவ்வகைப் பித்தளை எஞ்சினில் ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தை எஞ்சினின் சக்கரங்களும் மறு தண்டவாளத்தின் மின்சாரத்தை டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டியின்) சக்கரங்களும் எடுக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள இழுதண்டு தளர்ந்தாலும் வண்டி திக்கும். ஆனால் தொடர்பு அறுந்தால் முள் கீழே விழும். தண்டு இறுகினால் மோட்டார் கூடுதலாக உழைப்பதால் முள் மேலே ஏறும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு முள்ளை மட்டும் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அது 0.35இலிருந்து 0.42க்கு ஏறி இறங்கியது. ஆகவே இறுக்கம்தான். மனம் அமைதியடைந்தது, ஏனென்றால் இறுக்கம் ஓடஓடக் குறையக்கூடியது.

ஜனவரி 17

அண்ணன் தொலைபேசியில் "ஓடுகிறதா?" என்று கேட்டார். ஓடுகிறது, இன்னும் பழகவில்லை என்றேன். அவர் வருவதற்குள் பழகிவிட வேண்டும்.

ஜனவரி 19

பல்சக்கரங்களில் பற்பசை தடவி ஓட்டினால் விரைவில் பழகும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். தேய்க்கும் துகள்கள் மென்மையான பித்தளைக்குள் பதிந்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் முழுவதுமாகப் போகா. பல் பொருந்திய பிறகும் அவை தேய்த்துக்கொண்டேயிருக்கும். பட்டறையில் பழுதுபார்த்து வெளிவரும் பெரிய எஞ்சினையும் முதலில் இலகுவான வேலைக்கே அனுப்பி, அச்சுத் தாங்கிகள் சூடேறுகின்றனவா என்று கைவைத்துப் பார்ப்பார்கள். பொறுமைக்கு மாற்று மருந்து கிடையாது என்றே நம்புகிறேன்.

ஜனவரி 20

0.31.

ஜனவரி 23

வளைவில் ஒரு பொறி பறந்தது, வண்டி நின்றது. முன்சக்கரம் சிலிண்டரின் பின்புறத்தை உரசியிருக்கிறது. முழு உடலும் உலோகம் என்பதால் இந்தக் குறுக்குச்சுற்று ஆபத்து எப்போதும் உண்டு. உரசிய இடத்தில் மெல்லிய வார்னிஷ் பூசி உலரவிட்டிருக்கிறேன். ஓட்டமில்லாத மாலை நீண்டது. அந்தப் பத்து எஞ்சின்களில் 485ஐப் பற்றி நினைத்தேன்: 1953இல் கொலராடோவின் சலிடாவில் திருப்புமேடைக் குழிக்குள் விழுந்து, பின்னர் உடைக்கப்பட்டது. பத்தில் இன்று இல்லாதது அது ஒன்றுதான். உண்மையான 487 இன்னும் கம்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் என்ற பழைய ரயில் பாதையில் இருக்கிறது என்பதில் எனக்குத் தனியான மகிழ்ச்சி.

ஜனவரி 26

ஒரு மீட்டர் தூரத்தை 31 விநாடிகளில் கடந்தால் இந்த அளவில் அது மணிக்கு 10 கிலோமீட்டர். இன்று அந்த வேகத்தில், நிற்காமல், திக்காமல் ஊர்ந்தது. கிராங்குகள் மேலேறி இறங்குவதைக் கண்ணால் தொடர முடிகிறது. வேகமாக ஓடுவது எந்த மோட்டாருக்கும் எளிது. எஞ்சினின் தரத்தை இந்த ஊர்தலில்தான் பார்க்க வேண்டும். 0.24.

ஜனவரி 27

தட்டல் இல்லை. காதை அருகில் வைத்துக் கேட்டேன், இல்லை.

ஜனவரி 30

487 இருக்கும் அந்தப் பாதையில், சாமா ஊரிலிருந்து கம்ப்ரெஸ் கணவாய்க்கு ஏறும் பகுதியின் சரிவு 4 சதவீதம். பலகையை ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் உயரும்படி அமைத்து, சரக்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். ஆறு பெட்டிகளை இழுத்தது. ஏழாவதை மாட்டியதும் சக்கரங்கள் அதே இடத்தில் சுழன்றன, முள் 0.4ஐத் தாண்டவில்லை. கொதிகலனுக்குள் இன்னும் ஈயம் வைக்க இடமிருக்கிறது. ஆனால் சக்கரம் வழுக்குவதே மோட்டாருக்குக் காப்பு, எடை மிகுந்து வழுக்க முடியாமல் போனால் மோட்டார் நின்று சூடேறி எரிந்துபோகும். அண்ணன் எட்டுப் பெட்டி கேட்பார். கொடுக்கப்போவதில்லை. வண்ணம் பூசுவதற்காகப் பிரிக்கும் முன், பின்னோக்கி ஏறுவதையும் நாளை பார்க்க வேண்டும்.