பால் டேங்க்கில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் ஈடிபியும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கெமிக்கல் ஸ்டோரும் என் பொறுப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று ஆகிவிட்டது. உப்புத் தண்ணீரைக்கூட மீட்டெடுத்துத் திரும்பச் சாயத்துக்கே விடுகிறோம். அதைச் சேர்த்துவைக்க முதலாளி எங்கிருந்தோ பழைய பால் டேங்க் ஒன்றைப் பிடித்து வந்தார். எஸ்எஸ் 304 ரக எவர்சில்வர், ஐயாயிரம் லிட்டர், முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. "பாலே ஊத்தி வெச்சது, உப்புத் தண்ணி என்ன பண்ணப்போகுது?" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அடியில் ஈரம் கசிந்தது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பால் டேங்க்குக்கு இரட்டைத் தகடு, நடுவில் குளிர் காக்கும் பஞ்சு. வெளித்தகட்டை வெட்டிப் பார்த்தால், உள்தகட்டில் வெல்டிங் ஓரமாக ஊசியால் குத்தினாற்போல ஓட்டைகள். மற்ற இடமெல்லாம் புதுசு போலவே இருந்தது. எஸ்எஸ் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்து உள்ளே இறங்கிவிடும். பாலில் இல்லாத வேலை அது. இப்போது அந்த டேங்க்கை ஒட்டுப்போட்டு ஆர்ஓ தண்ணீருக்கு வைத்திருக்கிறோம்.

இதற்குப் பிறகுதான் பெரிய வேலை வந்தது. அதுவரை காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்) பேரலில் வரும். ஆசிட்டும், துணியை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கேனில் வரும். ஒரு நாள் கேனைக் கவிழ்க்கும்போது பெராக்சைடு தெறித்து ஒரு பையனின் முன்கை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, பிறகு எரிய ஆரம்பித்தது. அன்று சாயங்காலமே முதலாளி கூப்பிட்டார். "கேன் தூக்கற வேலையே இனி வேண்டாம். டேங்கர்ல கொண்டாந்து இறக்கற மாதிரி பண்ணிப்போடுங்க. ஒரே மாதிரி மூணு டேங்க்கு வாங்கிட்டாத் தீந்துச்சு."

மொட்டை மாடியில் நிற்குமே கறுப்புத் தொட்டி, அதற்குத்தான் முதலில் விலை கேட்டேன். காஸ்டிக் கொடுப்பவர் போனிலேயே சிரித்தார். "ஏனுங்க, அது தண்ணி எடைக்குச் செஞ்சதுங்க. லை எவ்வளவு கனம்னு பாத்தீங்களா?" நாங்கள் வாங்குவது 48 சதவீத லை; லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. தண்ணீருக்கென்று வார்த்த சுவர், அடிப்பக்கத்தில் ஒன்றரை மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உடனே உடையாது, வயிறு தள்ளி, வெயிலில் இளகி, ஒரு நாள் பிளக்கும்.

எத்தனை லிட்டர் என்பதிலும் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். டேங்கர் 12 டன் கொண்டுவரும், அதாவது 8,000 லிட்டர். அதனால் எட்டாயிரம் போதும் என்று நினைத்தேன். அப்படியானால் டேங்க் வறண்ட பிறகுதான் அடுத்த லோடைக் கூப்பிட முடியும்; லாரி ஒரு நாள் தாமதமானால் மிஷின் நிற்கும். பன்னிரண்டாயிரமாக மாற்றினோம். நிறைந்தால் 18 டன். மேடை போட வந்த மேஸ்திரி 12 டன்னுக்குத்தான் கம்பி கட்டியிருந்தார். நல்லவேளை, கான்கிரீட் ஊற்றும் முன்பே பார்த்துவிட்டேன்.

காஸ்டிக்குக்குச் சாதாரண இரும்பு டேங்க்கே போதும் என்று பலர் சொன்னார்கள். ரொம்பச் சூடாகாதவரை அது உண்மைதான். ஆனால் லையோடு இரும்பு துளித்துளியாகக் கலந்து வரும். அதே லைதான் எங்களுக்குப் பெராக்சைடு பிளீச்சிங்குக்குப் போகிறது. இரும்பு பட்ட இடத்தில் பெராக்சைடு வெறிபிடித்ததுபோல் சிதையும். துணியில் பொத்தல் விழும். டேங்க்கில் மிச்சம் பிடித்த காசைத் துணியில் விட வேண்டியிருக்கும். ஆகவே கனத்த சுவர் எச்டிபிஇ பிளாஸ்டிக் டேங்க். அதிலும் ஒரு பாடம் படித்தோம். நிறையும்போது டேங்க் கொஞ்சம் உப்பும், காலியாகும்போது சுருங்கும். பிளம்பர் விறைப்பாகப் பைப்பை இணைத்ததால் மூன்றாவது லோடிலேயே நாசில் (பைப் மாட்டும் வாய்) ஓரத்தில் கீறல். இப்போது ஒவ்வொரு வாயிலும் வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் இருக்கிறது.

எச்சிஎல், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதன் கதை வேறு. விற்க வந்த ஒருவர், "எஸ்எஸ் 316 போடுங்க சார், எதையும் தாங்கும்" என்றார். பால் டேங்க் ஞாபகம் வந்ததால் நிறுத்தினேன். 304-ஐ உப்புத் தண்ணீர் மெல்ல அரித்தது. 30 சதவீத எச்சிஎல் 316-ஐயும் வேகமாகத் தின்றுவிடும். உள்ளே பிபி பிளாஸ்டிக் தகடு, வெளியே எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) சுற்றிய டேங்க் வாங்கினோம். டேங்க் இன்றுவரை அசையவில்லை. நான் கோட்டைவிட்டது டேங்க்கின் காற்று வெளியேறும் வென்ட் பைப்பில். சும்மா மேலே நீட்டிவிட்டேன். புகை இறங்கி, பத்தடி தள்ளியிருந்த மோட்டார் பேனலின் செம்புப் பட்டையெல்லாம் பச்சை பூத்துவிட்டது. கூரைத் தகட்டின் திருகுகள் கையோடு வந்தன. பிறகு வென்ட்டை, புகையைத் தண்ணீரில் கரைத்துப் பிடிக்கும் ஸ்கிரப்பரோடு சேர்த்தோம். பேனலை மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம். டேங்க் விலையில் கால்வாசி அதற்கே போனது.

உப்பும் ஆசிட்டும் விரட்டியடித்த அதே எஸ்எஸ்தான் பெராக்சைடுக்குப் பொருத்தம். எங்களுடையது 50 சதவீதம். 316எல்லில் செய்து, நைட்ரிக் ஆசிட்டால் கழுவி, படலம் நன்றாகக் கட்டிய பிறகு கொஞ்சம் பெராக்சைடு மட்டும் விட்டு, குமிழ் வருகிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்த்தோம். கல், மண், துரு, பித்தளை எது விழுந்தாலும் அது சிதையத் தொடங்கும். ஒரு லிட்டரிலிருந்து கிட்டத்தட்ட 200 லிட்டர் ஆக்சிஜன் கிளம்பும். முதல் லோடோடு வந்த கம்பெனி ஆள் டேங்க்கை விட்டுவிட்டு வால்வைத்தான் குனிந்து பார்த்தார். "பால் (ball) வால்வுல ஓட்டை போட்டிருக்கீங்களா?" எனக்குப் புரியவில்லை. அது துளையுள்ள ஓர் உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு; மூடும்போது அந்த உருண்டைக்குள் கொஞ்சம் பெராக்சைடு மாட்டிக்கொள்ளும். சிதைந்து வரும் வாயு போக வழியில்லாமல் வால்வையே வெடிக்க வைக்கும். உருண்டையில் டேங்க் பக்கமாகச் சின்ன ஓட்டை இருந்தால் வாயு டேங்க்குக்கே திரும்பிவிடும். ஓட்டை போட்ட வால்வு வரும்வரை இறக்க மாட்டேன் என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்குக் கோபம். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை.

அசிட்டிக் ஆசிட்டை டேங்க்குக்குக் கொண்டுபோகவில்லை. தண்ணீர் கலக்காத அசிட்டிக் 16.6 டிகிரியில் உறையும். மார்கழி விடியலில் சில கேன்கள் ஓரத்தில் கட்டிபிடித்திருக்கும். பைப்புக்குள் கட்டினால் யார் அவஸ்தைப்படுவது? ஜெனரேட்டர் டீசலுக்கு எம்எஸ் (சாதாரண இரும்பு) டேங்க், ஆயிரம் லிட்டருக்குள். ஒரு கலனில் 1,000 லிட்டருக்கும் மொத்தத்தில் 2,500 லிட்டருக்கும் மிகாதவரை பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றேன்; துத்தநாகம் டீசலோடு ஒத்துப்போகாது. ஹைப்போ (பிளீச்சிங் திரவம்) கேன்களை ஆசிட் பக்கமே அண்டவிடுவதில்லை. இரண்டும் கலந்தால் குளோரின்.

ஆசிட்டுக்கும் காஸ்டிக்குக்கும் தனித்தனித் தொட்டிச் சுவர் கட்டினோம், முழு டேங்க் கொட்டினாலும் கொள்ளும்படி பத்து சதவீதம் கூடுதலாக. இறக்கும் வாய்களை வேறுவேறு அளவில் வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் தப்பான வாயில் மாட்டப் பார்த்தாலும் ஹோஸ் பொருந்தாது. டேங்கரிலிருந்து காற்றழுத்தத்தில் தள்ளுவதையும் நிறுத்திவிட்டோம். சரக்கு தீர்ந்ததும் மிச்சக் காற்று ஒரே மூச்சில் வந்து டேங்க்கின் தலையைத் தூக்கும். எங்கள் பம்ப் போட்டுத்தான் இறக்குகிறோம். டிரைவர்களுக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். "அண்ணா, காத்து குடுத்தா இந்நேரம் போயிருப்பேன்" என்று முணுமுணுப்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பேன்.

எச்சிஎல் டேங்க்கில் அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாய் மட்டும் பாக்கி. அது உடைந்தால் மொத்தமும் வெளியே வந்துவிடும். அதை எடுத்துவிட்டு, மிதவையும் கயிறும் பலகையும் மாட்ட வேண்டும். தீபாவளி லீவில் டேங்க் காலியாக இருக்கும்போது செய்துவிடலாம் என்று ஃபேப்ரிகேட்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.