அப்பாவின் காதுக் கருவியும் பொத்தான் பேட்டரியும்

அப்பாவின் காது கேட்கும் கருவிக்கு பேட்டரி மாற்றுவது என் பொறுப்பு. பழுப்பு ஒட்டுத்தாள் கொண்ட 312 எண் துத்தநாகக் காற்று பேட்டரி அது. தாளை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து, துத்தநாகம் ஆக்சிஜனுடன் வினைபுரியத் தொடங்கும். ஓரிரு நிமிடம் வெளியே வைத்த பிறகே பொருத்துவேன். அவசரப்பட்டால் மின்னழுத்தம் முழுதாக எழும்பாது.

எனக்கு உண்மையான பயம், வேறு சில கருவிகளில் இருக்கும் 3 வோல்ட் லித்தியம் நாணய பேட்டரிதான். வீட்டில் தவழும் பேத்தி இருக்கிறாள். விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின் (−) முனையருகே கடுங்காரம் உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். பேட்டரி கசிய வேண்டும் என்பதுகூட இல்லை. தீர்ந்துபோனது என்று நாம் கழற்றியதிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். அதனால் திருகாணியால் மூடும் பேட்டரி அறை உள்ளதாகவே பார்த்து வாங்குகிறேன். பழையவற்றை இருபுறமும் நாடா ஒட்டி, மறுசுழற்சிக்குக் கொடுக்கும்வரை பூட்டி வைக்கிறேன். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

சார்ஜ் ஏற்றும் கருவி என்றால், அதனுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் தொடவிடமாட்டேன்.