முதலில் டிஸ்க், பிறகுதான் பெட்டி

கோயில் திருவிழாக்களில் அப்பா பதிவு செய்த நாகசுரம் 140 கேசட்டுகளில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினேன். 90 நிமிடக் கேசட் ஒன்று, சிடி தரத்தில் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 950 எம்பி. எல்லாம் சேர்த்து 133 ஜிபி. குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் கூட்டினாலும் 2 டிபியைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் வீட்டுக்கு ஒரு நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இருந்து கோப்புகளைக் கொடுக்கும் சேமிப்புப் பெட்டி, அமைக்க இறங்கினேன். 4 டிபி டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும் மிரர் முறை. அது போதும்.

டிஸ்க் வாங்கியதில்தான் ஏமாந்தேன். விலை குறைவு என்று முதலில் வாங்கிய இரண்டும் எஸ்எம்ஆர் வகை. அட்டைப்பெட்டியில் அப்படி எங்கும் எழுதவில்லை. ஓட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் கலைக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தகவல் எழுதும் தடங்கள் அப்படித்தான் படிந்திருக்கின்றன. படிக்கும்போது குறை தெரியாது, நிறைய எழுதும்போதுதான் தெரியும். ஒரு டிஸ்கை அழித்து மாட்டி, மிரரை மீண்டும் கட்டவிட்டுச் சோதித்தேன். இரண்டாம் நாள் இரவும் முடியவில்லை. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை டிஸ்குகளுக்கு மாறியபின் அதே வேலை ஒரே இரவில் முடிந்தது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடி, 'சிஎம்ஆர்' என்ற சொல்லைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பிராசசருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வீட்டில் கிடந்த பழைய கணினி சும்மா இருக்கும்போதே 45 வாட் இழுத்தது. இரண்டு மாத பில்லில் அது 65 யூனிட். இன்டெல் என்100 போர்டு இரண்டு டிஸ்குகளுடன் 20 வாட்டில் நிற்கிறது. கோப்புகளை எடுத்துக் கொடுக்க அது தாராளம்.

திருச்சி வெயிலில் மூடிய அலமாரிக்குள் டிஸ்க் 53 டிகிரி காட்டியது. வெளியே வைத்து 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மாட்டியதும் 44. யுபிஎஸ்ஸும் கட்டாயம். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். மின்சாரம் போய் அது கைகொடுப்பதற்குள் பெட்டி அணைந்துவிட்டது.

தவறுதலாக அழித்தால் மிரரில் இரண்டு பக்கமும் அழியும். அதனால் மூன்றாவது டிஸ்க் தஞ்சாவூரில் அக்கா வீட்டில். நேற்று அதைக் கொண்டுபோனபோது 1987 பங்குனித் திருவிழாவைப் போடச் சொன்னார். மல்லாரி தொடங்குமுன் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. அந்த இடத்தை மட்டும் மறுபடி வைக்கச் சொன்னார்.