வெள்ளிக்கிழமை ஆனால் போதும்

செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே, பெட்டிகளைப் பிரிக்கும் முன்னால், என் மகள் கேட்ட முதல் கேள்வி: "வைஃபை பாஸ்வர்ட் என்னப்பா?" இன்னும் லைனே போடவில்லை என்றேன். தண்ணீர் வராது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கோலாலம்பூரில் வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிற்பது பழக்கம்தான். இது அப்படியில்லையே.

அம்மாவின் கோரிக்கை வேறு. சாமி மேடைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி வேண்டும், வெள்ளிக்கிழமை பூமாலை தொங்கவிட. "டிரில் மெஷின் வாங்கணும்மா, பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன். உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதையும் ஒப்பிட்டு ஆராயாமல் வாங்க எனக்குக் கை வராது. ரைஸ் குக்கருக்கே இரண்டு வாரம் எடுத்தவன் நான். இணையத்துக்கு எக்செலில் ஏழு பத்தி போட்டு ஓர் அட்டவணை தயாரானது.

மச்சான் கிள்ளானிலிருந்து போன் போட்டார். "ஐந்நூறு எம்பிபிஎஸ் எடு மச்சான், கண்ணை மூடிக்கிட்டு எடு. ஒரு செகண்டுக்கு ஐந்நூறு எம்பி இறங்கும்." அது மெகாபைட் (எம்பி) இல்லை, மெகாபிட், எட்டால் வகுக்க வேண்டும், நூறு என்று போட்டிருந்தால் நொடிக்குப் பன்னிரண்டரை எம்பிதான் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் மௌனம். "உன் வீட்டுல எட்டால வகு. என் வீட்டுல ஐந்நூறுன்னா ஐந்நூறுதான்" என்று வைத்துவிட்டார்.

பேரங்காடி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் மாதம் 99 வெள்ளி (ரிங்கிட்) என்றான். பில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். 99 என்றான். சேவை வரி 6 விழுக்காடு சேர்த்தால் 104 வெள்ளி 94 காசு ஆகுமே என்றதும், "பாஸ், நீங்க அக்கவுண்டண்டா?" என்று கேட்டு ஒரு குடையை எடுத்துக் கொடுத்தான். குடை நல்ல குடை. இன்னும் இருக்கிறது.

இந்த விலைகளுக்குக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இணையத்துக்காக வீட்டுப் போனிலேயே 1515-க்கு டயல் பண்ணி, மோடம் கீச்சு கீச்சென்று கத்தி முடித்து, ஒரு படம் பாதி இறங்கும்போது அம்மா போனை எடுத்து "ஹலோ" என்று சொல்ல, எல்லாம் அறுந்துபோன காலத்து ஆள் நான். 2010 மார்ச்சில் டெலிகாம் மலேசியாவின் (டிஎம்) அதிவேக இணையமான யூனிஃபை வந்தபோது ஆரம்பத் திட்டமே 5 எம்பிபிஎஸ், மாதம் 149 வெள்ளி. பங்சாரில் ஒரு நண்பன் வீட்டில் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டு, புதுமனை புகுவிழாவுக்குப் போவது மாதிரி பழம் வாங்கிக்கொண்டு நாலு பேர் பார்க்கப் போனோம். இன்று அதைவிடக் குறைந்த காசுக்கு நூறு கிடைக்கிறது. அதற்கும் முகத்தைச் சுளிக்கிறோம்.

அட்டவணை நிரம்ப நிரம்ப ஒரு விஷயம் பிடிபட்டது. மக்சிஸ், செல்கோம்டிஜி, ஆஸ்ட்ரோ என்று பெயர் வேறாக இருந்தாலும், பல இடங்களில் வீட்டுக்குள் வருவது டிஎம் போட்ட அதே கேபிள்தான். ஒரே மில்லில் அரைத்த மாவு, பொட்டலம்தான் வேறு வேறு. டைம் என்கிற நிறுவனம் மாதிரி சொந்தக் கேபிள் இழுப்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் பெரும்பாலும் அடுக்குமாடிகளாகப் பார்த்துப் போகிறார்கள். எல்லா அடுக்குமாடிக்கும் போவதில்லை. ஆக, நாம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கட்டடம் தேர்ந்தெடுத்து முடித்திருக்கும். எங்கள் கட்டடத்துக்குள் இரண்டே கேபிள். ஏழு பத்தி அட்டவணையில் மிஞ்சியது இரண்டு வரி.

அந்த இரண்டில் எது என்பதைத் தீர்த்து வைத்தவர் வாசல் காவலர். நேப்பாளத்துக்காரர், மலாய் மணிமணியாகப் பேசுவார். பழுது பார்க்க வருகிற வேன் எல்லாம் அவருடைய நோட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். புரட்டிக் காட்டினார். ஒரு நிறுவனத்தின் பெயர் கிட்டத்தட்ட தினமும் இருந்தது. இன்னொன்று மாதத்துக்கு இரண்டு தடவை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? மாதம் இரண்டு தடவைக்காரனுக்கு அன்றே கையெழுத்துப் போட்டேன், 24 மாத ஒப்பந்தம். அவனுக்கு எங்கள் கட்டடத்தில் வாடிக்கையாளரே ஏழெட்டு வீடுதான், அதனால்தான் வேன் வருவதில்லை என்கிற கணக்கு மூன்று நாள் கழித்து, பல் துலக்கும்போது தோன்றியது.

ஆனாலும் லைன் அருமையாகத்தான் இருந்தது. கதவுக்கு மேலே துளை போட்டு, மெல்லிய வெள்ளைக் கேபிளைச் சுவரோரமாக இழுத்து, சாமி மேடைக்கு மேலாகக் கொண்டுபோய், டிவி அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, அதில் ஓடுவது வெளிச்சம் என்று அம்மாவிடம் சொன்னேன். "சாமிக்கு மேலேயே வெளிச்சம் ஓடுதா? நல்லதுதான்" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் நின்றது. பெட்டியில் எல்ஓஎஸ் என்று போட்ட இடத்தில் சிவப்பு விளக்கு, சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். "லாஸா?" என்று எட்டிப் பார்த்தார் அம்மா. "மாசம் நூறு வெள்ளி கொடுக்கிறோம், லாஸ்தான்." ஞாயிற்றுக்கிழமை தானாக வந்துவிட்டது. அடுத்த வெள்ளி மறுபடியும். அதற்கடுத்த வெள்ளியும்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் பெட்டியை அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். விளக்கு முன்னைவிடச் சிவப்பாக எரிந்த மாதிரி இருந்தது. ஆள் அனுப்புகிறோம் என்பார்கள், ஆள் திங்கட்கிழமை வருவார். திங்களன்று லைன் பறக்கும். "எல்லாம் ஓகே லா, பாஸ்" என்று தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டுப் போய்விடுவார்.

மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், இது பெரிய விவாதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஊரே படம் பார்க்கிறது, அதனால் லைன் ஜாம் என்றார் ஒருவர். காலை பத்து மணிக்கு எவன் படம் பார்க்கிறான்? பக்கத்து வீட்டுப் பெரியவர், வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம், கிட்டத்தட்ட அதே நேரம் என்பதைக் கவனித்தாயா என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து, லைன் போட்டது எந்த நேரம் என்று வாட்ஸ்அப்பில் தேடிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலாவது வாரம் சண்டை போட்டு, வெள்ளிக்கிழமையே ஆள் வேண்டும் என்று வாங்கினேன். வந்தவர் நம்ம பையன், இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், பெட்டியைத் தொடவேயில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, அது என்ன?"

சாமி மேடைக்கு மேலே, இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில், தண்ணீர் தெளித்த முழ நீள மல்லிகையும் சாமந்தியும் கட்டிய மாலை தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கியது என் கேபிளில். நாரைச் சுற்றி இறுக்கி இரண்டு முடிச்சு. மாலையின் பாரத்தில் கேபிள் கிளிப் ஓரத்தில் வி எழுத்து மாதிரி மடிந்திருந்தது.

"ஆண்டி, இதை இப்படி மடிச்சா உள்ள போற வெளிச்சம் வெளியே போயிடும்."

"ஆணி அடிச்சுக் குடுன்னு இவன்கிட்ட வந்த நாளா கேக்குறேன் தம்பி. மெஷின் பார்த்துக்கிட்டிருக்கானாம்" என்றார் அம்மா. வெள்ளி காலை மாலை ஏறும், வாடிய பூ வீட்டில் இருக்கக் கூடாது என்று ஞாயிறு காலை இறங்கும். மூன்று வாரம் அந்த மேடை முன்னால் நின்று, லைன் வரட்டும் என்று நானும்தான் கும்பிட்டேன். தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

முடிச்சை அவிழ்த்ததும் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. அறையிலிருந்து மகள் கத்திய சத்தம் கீழே காவலருக்குக் கேட்டிருக்கும். அந்தத் தம்பி வேனுக்குப் போய்த் தன்னுடைய டிரில்லை எடுத்து வந்து, கேபிளுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு துளை போட்டுக் கொக்கி மாட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அது என்ன பிராண்ட் டிரில் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கடைசியாகக் கைப்பேசியில் அறிக்கை நிரப்பினார். பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் எலி, மின்னல், கட்டுமான வேலை என்று ஒரு பட்டியல் விரிந்தது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பூமாலை இல்லை. பெருமூச்சு விட்டுக் கடைசியில் இருந்த 'லாயின்-லாயின்' என்பதைத் தட்டினார்.

மலாயில் அதற்கு 'இதர' என்று பொருள். அம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும், என்னைவிட நன்றாக மலாய் பேசுவார். இருந்தும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? லைனு லைனுன்னு ரெண்டு தடவை போட்டிருக்கு. கோளாறு லைன்லதான்."