நடுவிலை 0.19

"அண்ணை, நடுவிலை 0.19 காட்டுது. நீங்க அளந்தது ஓரத்திலை."

என்னோடு வேலை செய்த தம்பி சொன்னது மில்லிங் மெசினின் ஆட்டத்தை: திசை மாறும்போது மேசை அசையாமல் மோட்டர் வீணாகச் சுற்றும் அளவு, மில்லிமீற்றரில். இதைச் சொன்னபோது நான் அசைவை அளக்கும் டயல் கேஜைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தேன். 2022 ஏப்ரல். அடுத்த கரண்ட் கட்டுக்குள் எவ்வளவு வெட்டி முடிக்கலாம் என்று கணக்குப் பார்த்து வேலை செய்த நாட்கள். திருகோணமலைக் கொட்பேயில் கட்டியிருந்த படகொன்றின் வலை இழுக்கும் விஞ்சுக்கான பெயரிங் ஹவுசிங், பெயரிங் இறங்கும் துளை வெட்ட வேண்டிய கூடு, மேசையில் ஏற்றியிருந்தது. படகின் சொந்தக்காரரான சம்மாட்டியும் பக்கத்தில் நின்றார்.

"0.19ஐயே மாக்3இலை போட்டுவிடு" என்றேன். மாக்3, மெசினை ஓட்டும் கொம்பியூட்டர் புரோகிராம்.

அந்த ஒரு வசனத்தைத்தான் இன்னும் திருப்பித் திருப்பி நினைக்கிறேன்.

எனக்குத் தெரியாத விசயமில்லை. கையால் சுற்றிய பழைய மில்லிங் மெசினுக்கு நானே ஸ்டெப்பர் மோட்டர் பூட்டினேன். மேசையை நகர்த்தும் ஸ்குரூ பழையதுதான். வைஸ் எப்போதும் நடுவில் இருப்பதால் ஸ்குரூ தேய்ந்ததும் நடுவில்தான். நடுவுக்கு ஏற்றபடி ஸ்குரூவில் ஓடும் நட்டை இறுக்கினால் மேசை ஓரத்தில் போய்ச் சிக்கும். அன்று காலை மேசை நின்ற இடத்திலேயே அளந்தேன், 0.07 வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். தம்பி அப்படி விடவில்லை. 50 மில்லிமீற்றருக்கு ஒரு இடமாக நிறுத்தினான். ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்து முள்ளைச் சைபரில் வைத்தான். பிறகு 0.01, 0.01ஆகத் திருப்பி அனுப்பி, முள் அசையத் தொடங்கும் வரை எத்தனை போனது என்று எண்ணிச் சோக்கால் எழுதினான். மேசையைக் கையால் தள்ளியும் இழுத்தும் பார்த்து, அதில் 0.05 நட்டில் இல்லை, ஸ்குரூவின் நுனிப் பெயரிங்கில் இருக்கிறது என்றும் கண்டுபிடித்தான்.

மாக்3இல் ஒரு அச்சுக்கு ஒரே ஒரு எண்தான் போடலாம். திசை மாறும்போது மோட்டரை அந்த அளவுக்குக் கூடச் சுற்றிவிடும். சும்மா ஓடும் மேசைக்கு அது சரி. ஆனால் கட்டர் கடித்துக்கொண்டு தன் சுற்றுக்கே மேசையை இழுத்தால், அந்த 0.19க்குள் மேசை தன்பாட்டில் நழுவும். பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. கொம்பியூட்டருக்கு அது தெரியவும் வராது.

"போரிங் ஹெட்டிலை குடைஞ்சா என்ன அண்ணை?" என்றும் கேட்டான். நல்ல கேள்வி. போரிங் ஹெட் ஸ்பிண்டிலில், அதாவது மெசினின் சுற்றும் தண்டில், பூட்டித் துளை குடையும் கருவி. மேசையைப் பூட்டிவிட்டுக் குடைந்தால் துளையின் வட்டம் ஸ்பிண்டிலால் வருவது, ஸ்குரூவின் ஆட்டம் அதைத் தொடாது. போரிங் ஹெட் லாச்சியிலேயே கிடந்தது. நேரமில்லை என்றேன். நேரம் உண்மையிலேயே இல்லைதான். ஆனால் சம்மாட்டிக்கு முன்னால், கொம்பியூட்டர் ஓட்டும் என் சிஎன்சி தானே வட்டம் வெட்டுவதைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெட்டி முடிய ஒரு பக்கம் 52.02, குறுக்கே 52.11. வெளி விட்டம் 52 மில்லிமீற்றரான 6205 பெயரிங்குக்குத் துளை 52.03 தாண்டக்கூடாது. திசை மாறிய நாலு இடத்திலும் மெல்லிய படி. தம்பி நகத்தால் தடவினான், தட்டுப்பட்டது.

"சம்மாட்டியிட்டைச் சொல்லுவமோ?"

"வலை விஞ்சுதானே. பசை போட்டா நிக்கும்."

டொலர் இல்லாத அந்த நாளில், குண்டுகள் உருளும் ஆட்டமில்லாத போல் ஸ்குரூவுக்கு எங்கே போவது? வேறு ஆள் என்றாலும் இதைத்தான் செய்திருப்பான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். படகு கரையில் நின்றால் அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் நட்டை மாற்றவா என்று தம்பி கேட்கவே இல்லை. சொல்லுவமோ என்றுதான் கேட்டான். அதற்கு டொலர் தேவையில்லை.

ஐந்து மாதத்தில் ஹவுசிங் திரும்பி வந்தது. பெயரிங்கின் வெளி வளையம் துளைக்குள் சுற்றிச் சுற்றி முதுகு பளபளத்திருந்தது. சீலும் கிழிந்து, குண்டெல்லாம் துருப் பிடித்திருந்தது. உப்புத்தண்ணீர் போய்ப் பெயரிங் இறுகினால், நல்ல துளையிலும் வெளி வளையம் சுற்றத்தான் செய்யும். எது முதலில் நடந்தது என்று அந்தத் துண்டு சொல்லவில்லை.

"உப்புத்தண்ணி தம்பி, என்ன செய்யிறது" என்றார் சம்மாட்டி என்னிடம். நான் "ஓம்" என்றேன். இந்த முறை பெரிதாகக் குடைந்து, உள்ளே புஷ் என்ற வளையம் அடித்து, போரிங் ஹெட்டால் 52.00க்கு எடுத்தேன். அதற்கும் காசு வாங்கினேன்.

2023இல் போல் ஸ்குரூவும், அதன் நுனி முன்பின் ஆடாமல் பிடிக்கும் அங்குலர் கொன்டாக்ட் பெயரிங் சோடியும் பூட்டினேன். இப்போது ஓரத்திலும் நடுவிலும் 0.02. தம்பி அதைப் பார்க்கவில்லை, அதற்கு முன்பே கட்டாருக்குப் போய்விட்டான்.

புஷ் அடித்த ஹவுசிங்கில் பெயரிங்கை அழுத்தி இறக்கியபோது சம்மாட்டி குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "முந்தி கையாலேயே இறங்கினது. இப்ப ஏன் இவ்வளவு இறுக்கம்?"

"இப்படித்தான் இருக்கோணும்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. போன கிழமையும் ஒரு பாரை மீன் கொண்டுவந்து பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.