ஏழு நிமிடம்

நவம்பர் 3
செக்ரட்டரி அண்ணன் போன் செய்தார். 16ஆம் தேதி, நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கிய நாள் விழாவுக்கு, ஹாலில் நான் பேச வேண்டுமாம். ஏழு நிமிடம், தமிழில். யாருக்குப் புரியும் என்று கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எதற்கும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 4
"1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது." வருஷா வருஷம் யாராவது ஒருவர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நானே சமோசா எப்போது வரும் என்றுதான் பார்ப்பேன்.
அம்மா இன்று கஞ்சி குடிக்கவில்லை.

நவம்பர் 6
வாய்விட்டுப் படித்தேன். பதினொரு நிமிடம் நாற்பது விநாடி! மனதுக்குள் படித்தபோது ஆறு நிமிடம்தான் ஆனது. எனக்கு நிமிடத்துக்கு எண்பது வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. அப்படியென்றால் ஏழு நிமிடத்துக்கு ஐந்நூற்று அறுபது, கிட்டத்தட்ட பாதியை வெட்ட வேண்டும்.
இன்னொரு தொல்லை. நான் எழுதியிருப்பது எல்லாம் "வந்து, இறங்கி, பிரிக்கப்பட்டு, தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டு" என்று போய்க்கொண்டே இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில்தானே வரும்? அது வருவதற்குள் எனக்கு மூச்சு போய்விடுகிறது, கேட்பவருக்கு யாரைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துவிடும். கண் திரும்பிப் போய்ப் படிக்கும், காது எங்கே போகும்? எல்லாவற்றையும் உடைத்தேன். கப்பல் வந்தது. இறங்கினார்கள். எங்கும் கரும்பு.

நவம்பர் 7
டாக்டர் இன்றும் வரவில்லை.

நவம்பர் 9
தூக்கம் இல்லை. காந்தி பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்று, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். அதே மனுஷர் 1893இல் பிரிட்டோரியாவில் நம் வியாபாரிகள் முன்னால் பேசினார். நடுவில் என்ன நடந்தது? வேறொன்றும் இல்லை, பேச ஒரு விஷயம் கிடைத்தது.
மண்டேலா 1964இல் குற்றவாளிக் கூண்டிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். ஊருக்கு நினைவிருப்பது கடைசி வரி. நான் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறேன்.

நவம்பர் 11
அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் கப்பல் பட்டியலின் நகல் கிடைத்தது. ஆயாவின் அப்பா. எண், வயது, ஊர். அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. வார்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கிணத்துல விழுந்தாரு. ஒம்பது வயசுல."
அந்தத் தழும்பை எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரியாதது இங்கே படுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய தாள்களைக் கிழித்துப் போட்டேன். 152,184ஐ மட்டும் ஒரு தடவை சொல்லலாம், அப்புறம் ஒரே ஒரு முழங்கால்.

நவம்பர் 12
அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "மாடு முட்டுச்சு" என்கிறாள். கிணறு என்று சொன்னதே நினைவில்லை.

நவம்பர் 13
சமையலறையில் நின்றபடி ஒத்திகை. ஆறு நிமிடம் இருபது. மகள் கையில் போனோடு நேரம் பார்த்தாள். "தழும்பு வரும்போது தரையைப் பார்க்கிறீங்க, அம்மா" என்றாள். முழுசாக எழுதி வைத்துப் படித்தால் ஒப்பாரி மாதிரி இருக்கிறது. மூன்று அட்டையில் பெரிய எழுத்தில் சில சொற்கள் மட்டும் போதும்.
தழும்புக்குப் பிறகு மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். மூன்று என்பது எவ்வளவு நீளம்! இரண்டில் குக்கர் விசில் அடித்தது.

நவம்பர் 15
மைக் கரகரக்கிறது, தள்ளி நின்றால் பரவாயில்லை. என் முறை மூன்றரைக்கு. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் மூன்றிலிருந்து நான்கு.
கிணறா, மாடா.

நவம்பர் 16, காலை
இரண்டாவது அட்டையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. இப்போதே போகிறேன், வாசலில் விடுவார்களோ என்னவோ. இன்னொரு தடவை கேட்டுப்