பிரியாத பெரி பெரி சோஸும் கோழி பர்கரும்

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த போத்தலை இன்று எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். மேலே எண்ணெய் மிதக்கவில்லை, அடியில் தண்ணீர் தேங்கவில்லை. கழுத்து முதல் அடி வரை ஒரே செம்மஞ்சள். வீட்டில் அரைத்த பெரி பெரி சோஸ், அதாவது ஆபிரிக்க மிளகாய்ப் பாணி உறைப்புச் சோஸ், பிரியாமல் நிற்க வேண்டும் என்றுதான் இவ்வளவு காலமும் மல்லுக்கட்டினேன். நின்றுவிட்டது, அதுதான் இந்தப் பதிவு.

வாட்டிய கோழியைத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சோஸ் பிரிந்தாலும் பெரிய நட்டமில்லை. போத்தலைக் குலுக்கி ஊற்றினால் சரி. பர்கரில் அப்படி முடியாது. எண்ணெய் பண்ணுக்குள் இறங்கிவிடும், புளித்தண்ணீர் கோவா இலைக்குள் போய்விடும், மிளகாய்ச் சக்கை மட்டும் இறைச்சியின் மேல் தங்கும். பாதி சாப்பிடுவதற்குள் அடிப் பண் கையோடு பிய்ந்து வரும். உறைப்பும் ஒழுங்காக இராது. மிளகாயின் கப்சைசின் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரையாது. எண்ணெய் பிரியும்போது உறைப்பும் அதோடு போய்விடும். ஒரு கடி நெருப்பு, அடுத்த கடி வெறும் புளிப்பு. பர்கருக்குச் சோஸ் பிடித்து நிற்பதுதான் முதல் வேலை, உப்பு புளி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது போடும் அளவு இது: கொச்சி மிளகாய் 40 கிராம், சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் 250 கிராம், உள்ளி 60 கிராம், தேங்காய் வினாகிரி 60 மி.லீ., தேசிக்காய்ச் சாறு 40 மி.லீ., எண்ணெய் 120 மி.லீ., உப்பு 10 கிராம், காய்ந்த ஒரிகானோ ஒரு தேக்கரண்டி. புகை மணத்துக்குப் பப்ரிக்கா தூள் தேடி அலைய வேண்டாம். குடைமிளகாயைச் சிரட்டைக்கரியில் தோல் கறுக்கும் வரை சுட்டாலே போதும், டப்பாத் தூளை விட நல்ல மணம்.

கொச்சி நான் சந்தையில் ஒரே அம்மாவிடம்தான் வாங்குவது. கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் என்பார். பழுத்ததை மட்டும் பொறுக்கி எடுப்பதைப் பார்த்து, "என்ன பிள்ளை, ஊறுகாய் போடப் போறியோ?" என்று கேட்டார். "இல்லையம்மா, கோழிக்குச் சோஸ்" என்றதும், இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, "அப்ப இது காணாது" என்றார். ஆபிரிக்கப் பெரி பெரி மிளகாய்க்கு நம் கொச்சி கிட்டத்தட்ட கூடப்பிறந்தது. இதுவும் சின்னது, வானத்தைப் பார்த்துக் காய்ப்பது, உறைப்பில் விட்டுக்கொடுக்காதது. அமெரிக்கக் கண்டத்து மிளகாயை மொசாம்பிக், அங்கோலாவுக்குக் கொண்டுபோன போர்த்துக்கேயர்தான் இந்தப் பக்கத்துக் கடலுக்கும் வந்தவர்கள். 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1622இல் இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லிலேயே கோட்டையும் கட்டினார்கள். கிழக்கிலங்கைப் பறங்கியரில் சிலர் இன்றும் அவர்கள் விட்டுப்போன கிரியோல் என்ற போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுகிறார்கள். அந்த வீடுகளின் கோழிச் சமையலைக் கேட்டு எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அது தனிப் பதிவு.

சரி, எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெயில் வாசம் அருமை, ஆனால் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சோஸுக்குள் வெள்ளை வெள்ளையாய்க் குருணை கட்டும், வெளியே எடுத்து இளகியதும் அப்படியே பிரிந்துவிடும். ஒலிவ் எண்ணெய் முழுக்கப் போட்டு பிளெண்டரில் வேகமாக அடித்தால் கசப்பு ஏறுகிறது. எக்ஸ்ட்ரா வேர்ஜின் வகையில்தான் இந்தத் தொல்லை கூட. அது விற்கிற விலைக்குக் கசக்கவும் செய்தால் மனம் ஆறுமா? இப்போது 100 மி.லீ. சூரியகாந்தி எண்ணெயை பிளெண்டரில் ஊற்றுகிறேன், மிச்சம் 20 மி.லீ. ஒலிவ் எண்ணெயைக் கடைசியில் கரண்டியால் கலக்குகிறேன். மணமும் வந்தது, கசப்பும் இல்லை.

எண்ணெய் சரியானாலும் பிடிமானத்துக்கு ஒன்று வேண்டும். கடைப் போத்தல்கள் பலவற்றில் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பசை இருக்கும். எனக்கு வழி காட்டியது பெரியம்மாவின் அச்சாறு. அச்சாறுக்குக் கடுகை வினாகிரியில் ஊறவைத்து அரைப்பார், அந்த விழுது வழவழவென்று மரக்கறித் துண்டு ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நிற்கும். "இதுக்குள்ள எண்ணெய் விட்டா நிக்குமா, பெரியம்மா?" என்று கேட்டேன். "நிக்கும், ஆனா அவசரப்படாம விடு" என்றார். கடுகுத் தோலில் உள்ள பசைதான் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு தேக்கரண்டிக் கடுகு போதும், அதற்கு மேல் போனால் அச்சாறு மணம் தூக்கும். பெரி பெரியில் கடுகு ஏது என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நான் இதை விடப் போவதில்லை.

முறை இதுதான். கொச்சி, உள்ளி, குடைமிளகாயைப் பாதி வினாகிரியில் மூடிவைத்து, உள்ளி விரலால் நசுங்கும் வரை சிறு தீயில் வேகவிட வேண்டும். பிறகு ஆறவிட வேண்டும், கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் பிளெண்டருக்குப் போக வேண்டும். சூட்டோடு அடித்தால் கலவை இளகிப்போய் எண்ணெயைப் பிடிக்காது. கடுகு விழுதும் உப்பும் சேர்த்து, மிச்சப் புளிப்பு எதையும் ஊற்றாமல், கெட்டியாக அரையுங்கள். கெட்டியாக இருக்கும்போதே மூடியின் நடுத் துளை வழியாக எண்ணெயை நூலாக விடுங்கள். முதல் இரண்டு மேசைக்கரண்டி உள்ளே போகிறவரை கை நடுங்கக் கூடாது. சிவப்பு மெல்ல வெளிறிச் செம்மஞ்சளாகும், பிளெண்டரின் சத்தமும் கனக்கும். அந்தச் சத்தம் மாறினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மிச்ச வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் ஒரிகானோவும் அதற்குப் பிறகுதான். புளிப்பை முதலிலேயே ஊற்றி இளக்கிவிட்டால் கடுகும் காப்பாற்றாது.

சோதிக்க ஒரு வழி: பத்திரிகைத் தாளில் ஒரு சொட்டு வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து வாருங்கள். சொட்டைச் சுற்றி அகலமாக எண்ணெய் வளையம் விரிந்தால் அது பிரியப் போகிற சோஸ். இன்றைய போத்தலின் சொட்டு, வைத்த இடத்திலேயே குந்தியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உள்ளியை எண்ணெயில் போட்டு வைப்பது விளையாட்டில்லை, புளிப்புக் குறைந்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளர இடமுண்டு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (அது குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். என் சோஸில் பி.எச். பார்க்கும் நிறத்தாள் 3க்கும் 4க்கும் நடுவே காட்டியது. அப்படியிருந்தும் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைப்பதில்லை.

கோழி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தொடை இறைச்சி, எலும்பு நீக்கி, தோலோடு. நெஞ்சு இறைச்சி சிரட்டைக்கரிச் சூட்டுக்குத் தாங்காது, காய்ந்துவிடும். சோஸில் நான்கு மணித்தியாலம் ஊறினால் போதும், இரவு முழுக்க விட்டால் புளிப்பு இறைச்சியின் மேற்பரப்பை மாவாக்கிவிடும். வாட்டுவதற்கு முன் வழித்துவிடுங்கள், குடைமிளகாயின் இனிப்பு முதலில் கருகும். உள்ளே 74 பாகை தாண்டியதும் புதுச் சோஸை மேலே பூசி ஒரு புரட்டு. மயோனைஸுக்குப் பதில் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கிண்ணியா எருமைத் தயிரில் மெல்லிசாகச் சீவிய கோவாவும் கரட்டும். இந்த உறைப்புக்கு எருமைத் தயிரை மிஞ்ச ஒன்றுமில்லை.

பண்தான் இன்னும் சரிவரவில்லை. நகரத்தில் ஒரு பேக்கரியில் சீனி குறைத்துச் சுட்டுத் தரச் சொல்லி முன்பணமும் கொடுத்தேன், வந்தது வழக்கமான இனிப்புப் பணிஸ்தான், மேலே சீனிப்பாகு வேறு. கோழியின் புளிப்போடு அது ஒட்டவே இல்லை. இனி வீட்டில் அவித்த உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்துச் சுட்டுப் பார்க்கப் போகிறேன். ஆனால் அதற்கு முன்பே கொச்சியை 3 வீத உப்பில் நொதிக்கப் போட்டுவிட்டேன், நம் வெயிலுக்கு அது வேகமாகப் பொங்குகிறது. அது புளித்து வந்தால் அடுத்த சோஸில் வினாகிரியைக் குறைக்கலாம். குறைத்தாலும் பி.எச். 4க்குக் கீழேயே நிற்கிறதா என்று ஒவ்வொரு போத்தலிலும் பார்க்க வேண்டும், நிறத்தாளும் முடிகிற நிலையில் இருக்கிறது. திருகோணமலையில் அது விற்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.